பங்கிலிருந்து விலகினால் கடனிலிருந்தும் விலகியதாகுமா?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியுள்ள நீண்ட கடிதத்துக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். அவருடைய பெயரையும், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

வாசகருக்கு வயது 41. அவருடைய தந்தை 1987-இல் ஒரு சிறிய ஷெட்டில் வெட் கிரைண்டர் தயாரிக்கத் தொடங்கி, ஒரு பிராண்டுப் பெயரில் விற்று வந்தார். 2003-இல் இரண்டு மகன்களையும் சேர்த்துக்கொண்டு, தந்தைக்கு 50, அண்ணனுக்கு 30, வாசகருக்கு 20 சதவீதம் என்று கூட்டாண்மைப் பத்திரம் எழுதினார்கள். 2019-இல் தந்தை உயில் எதுவும் எழுதாமல் காலமானார். அடுத்த மாதமே ஆடிட்டர் ஒரு புதிய பத்திரம் தயாரித்து, அண்ணனுக்கு 60, தம்பிக்கு 40 என்று இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார். காலவரையறை எதுவும் அதில் இல்லை. நிறுவனம் இன்றுவரை பதிவு செய்யப்படவில்லை. 80 லட்சம் ரூபாய் வரம்புள்ள கேஷ் கிரெடிட் கடனில் (வரம்புக்குள் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் வங்கிக் கடன்) 74 லட்சம் எடுக்கப்பட்டுள்ளது. அதற்கு அடமானமாக இருப்பது தாயார் பெயரில் உள்ள வீடு. தாயாரும் இரு மகன்களும் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாக அண்ணன் கணக்குக் காட்டவில்லை. ஜி.எஸ்.டி. பாக்கி கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. அண்ணன் மகன் தொடங்கிய ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி அதே பிராண்டுப் பெயரில் ஆன்லைனில் கிரைண்டர் விற்கிறது. கேட்டால், “பிராண்டு என் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது” என்கிறார் அண்ணன். ஹோட்டல்களுக்கான பெரிய டில்டிங் கிரைண்டர் தயாரிப்பை இத்தனை ஆண்டுகளாகக் கவனித்து வருபவர் வாசகர்தான். மனம் வெறுத்துப்போன அவர், “விலகிவிட்டேன் என்று ஒரு கடிதம் எழுதிவிட்டு வெளியே வந்துவிடலாமா? வங்கிக்கு எழுதிக் கணக்கை முடக்கச் சொல்லலாமா? போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் கோபத்தைவிடக் களைப்பே அதிகம் தெரிகிறது. பதினெட்டு வயதிலிருந்து வேலை பார்த்த இடத்தில், டேலி என்ற கணக்கு மென்பொருளின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கும் மனம் வலித்தது. வெளியே வரவேண்டும் என்ற உங்கள் முடிவில் தவறில்லை. ஆனால் நீங்கள் யோசித்திருக்கும் வழியில் வெளியே வந்தால், உரிமையை விட்டுவிட்டுப் பொறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவராகிவிடுவீர்கள். முதலில் கணக்கு, அடுத்து வங்கி, கடைசியில் கையெழுத்து என்ற வரிசையில்தான் நீங்கள் விலக வேண்டும். ஏன் அப்படி என்பதை விளக்குகிறேன்.

நாற்பது சதவீதப் பங்கும் முழுக் கடனும்

“என் பங்கு 40 சதவீதம், ஆகவே கடனிலும் 40 சதவீதம்தான் என் பொறுப்பு” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கும் அண்ணனுக்கும் இடையில் அது சரி. வெளியாருக்கு அது பொருந்தாது. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, நிறுவனத்தின் கடன்களுக்குப் பங்குதாரர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பானவர்கள். வங்கியோ, மோட்டார் சப்ளை செய்தவரோ, முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமிருந்தே வசூலிக்க முடியும். கொடுத்த பிறகு அண்ணனிடம் அவருடைய 60 சதவீதத்தைக் கேட்டு வாங்குவது உங்கள் பாடு. இது போதாதென்று நீங்கள் தனிப்பட்ட ஜாமீனும் கொடுத்திருக்கிறீர்கள். ஜாமீன்தாரரின் பொறுப்பு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. இதே நிலையில்தான் உங்கள் தாயாரும் இருக்கிறார். லாபத்தில் ஒரு ரூபாய்கூட வாங்காத அவருடைய வீடு அடமானத்தில் இருக்கிறது. எனவே இந்த விவகாரத்தில் முதலில் காப்பாற்றப்பட வேண்டியது பிராண்டும் அல்ல, இயந்திரங்களும் அல்ல, அந்த வீடுதான்.

இந்தக் காரணத்தால்தான் வங்கிக்கு எழுதிக் கணக்கை முடக்கும் யோசனையைக் கைவிடுங்கள் என்கிறேன். கணக்கு முடங்கிய வாரமே தொழிலாளர்களுக்குச் சம்பளம் நின்றுபோகும். ஏற்கெனவே கொடுத்த காசோலைகள் திரும்பும். அவற்றில் உங்கள் கையெழுத்து இருந்தால் காசோலை திரும்புவது பற்றிய, செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். வரவு செலவு நின்று 90 நாட்களுக்கு மேல் ஒழுங்கற்றுப் போனால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதன்பின் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் அனுப்பலாம். அந்த நாட்களுக்குள் பணம் கட்டாவிட்டால், வழக்குத் தொடுத்துத் தீர்ப்பு வாங்காமலே வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையில் இறங்கலாம். அண்ணனுக்குப் பாடம் புகட்ட நினைத்து எடுக்கும் நடவடிக்கை அம்மாவின் வாசலில் போய் நிற்கும். இதற்குப் பதிலாக, இனி குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட காசோலைகளில் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று வங்கிக்கு எழுத்து மூலம் கேளுங்கள். தொழில் நிற்காது, உங்களுக்குத் தெரியாமல் பணம் போவது மட்டும் குறையும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். “அண்ணன் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். மாதாமாதம் வங்கிக்குப் போகும் ஸ்டாக் ஸ்டேட்மென்டும் (சரக்கு இருப்புப் பட்டியல்) அவற்றில் ஒன்றாக இருக்கும். குடோனில் 300 உரல் கற்கள் இருக்கும்போது 900 என்று எழுதிய தாளில் உங்கள் கையெழுத்து இருந்தால், அந்தப் பொய்க்கு நீங்களும் பொறுப்பாளி. இன்றிலிருந்து, எண்ணிப் பார்க்காத சரக்குக்கும் படித்துப் பார்க்காத தாளுக்கும் கையெழுத்து வேண்டாம்.

ஒரு கடிதத்தால் விலக முடியுமா?

மூன்று பேர் உள்ள நிறுவனத்தில் ஒருவர் விலகினால் மற்ற இருவரும் தொடரலாம். உங்கள் நிறுவனத்தில் இருப்பவர்களே இருவர்தான். ஒருவர் விலகினால் மிஞ்சும் ஒருவரை வைத்துக் கூட்டாண்மை இருக்க முடியாது. ஆகவே, நீங்கள் விலகல் என்று நினைப்பது சட்டத்தின் பார்வையில் நிறுவனத்தைக் கலைப்பதாகும். காலவரையறை இல்லாத பத்திரம் என்பதால், எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து அதைக் கலைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அண்ணனின் சம்மதம் தேவையில்லை. இது உங்கள் கையில் உள்ள வலிமையான உரிமை. அதனாலேயே அதைக் கோபத்தில் பயன்படுத்திவிடக் கூடாது.

கலைத்த பிறகும் பொறுப்பு தானாக நீங்காது. பழைய கடன்கள் பழையபடியே நிற்கும். கலைப்புக்குப் பிறகு அண்ணன் நிறுவனத்தின் பெயரில் செய்யும் காரியங்களுக்கும், பொது அறிவிப்பு வெளியாகும் வரை நீங்கள் வெளியாருக்குப் பொறுப்பாளியாகவே இருப்பீர்கள். பதிவு செய்யப்படாத நிறுவனத்துக்கு அந்த அறிவிப்பு அரசிதழிலும், மாவட்டத்தில் விற்பனையாகும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலாவதும் வெளிவர வேண்டும். நாளிதழில் மட்டும் போட்டுவிட்டு அரசிதழை மறந்துபோனவர்களைப் பல வழக்குகளில் பார்த்திருக்கிறேன்.

ஜி.எஸ்.டி.க்குத் தனி விதி உண்டு. அந்தச் சட்டத்தின் 90-ஆவது பிரிவு, விலகும் பங்குதாரர் தாம் விலகியதை ஒரு மாதத்துக்குள் ஆணையருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால், அறிவிப்பு ஆணையர் கைக்குப் போய்ச் சேரும் நாள்வரை உள்ள வரிப் பொறுப்பும் உங்கள் தலையில் ஏறும். உங்கள் விஷயத்தில் விலகலே கலைப்பாகிவிடுவதால், இந்த அறிவிப்போடு பதிவை ரத்து செய்வது, மாற்றுவது பற்றியும் ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

வங்கி ஜாமீனை இவை எதுவும் அசைக்காது. அதிலிருந்து விடுபட, “இவர் ஜாமீனிலிருந்து விடுவிக்கப்பட்டார்” என்று வங்கியே எழுத்து மூலம் சொல்ல வேண்டும். மாற்று ஜாமீனோ மாற்று அடமானமோ இல்லாமல் எந்த வங்கியும் அப்படி எழுதித் தராது. எனவே, உங்களுக்கும் அண்ணனுக்கும் இடையிலான எந்த உடன்பாடும், வங்கியின் விடுவிப்புக் கடிதமும் வீட்டின் மூலப்பத்திரமும் கைக்கு வந்த பிறகே முடிவானதாகக் கருதப்படும் என்ற நிபந்தனையோடு எழுதப்பட வேண்டும். அடமானம் பதிவானது என்பதால், அது நீங்கியதும் பதிவாகி வில்லங்கச் சான்றில் தெரியும்வரை விடாதீர்கள்.

அப்பாவின் பங்கு எங்கே போனது?

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். “தங்கைக்குத் திருமணத்தின்போது 60 சவரன் போட்டுவிட்டோம், அவளுக்கு இதில் ஒன்றும் இல்லை” என்கிறீர்கள். இது சரியல்ல. உங்கள் குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது; உயில் இல்லை; தந்தையின் தாயார் அப்போது உயிருடன் இல்லை. ஆகவே, தந்தைக்கு நிறுவனத்தில் இருந்த 50 சதவீதப் பங்கின் மதிப்பு, உங்கள் தாயார், அண்ணன், நீங்கள், தங்கை ஆகிய நால்வருக்கும் சமமாகச் சேரும். திருமணத்தில் போட்ட நகை அந்த உரிமையை அழிக்காது. வாரிசு என்பதால் மட்டும் தாயாரோ தங்கையோ பங்குதாரராகிவிட மாட்டார்கள். ஆனால் பங்கின் மதிப்பு அவர்களுக்குச் சேர வேண்டிய பணம். இருவர் மட்டும் கையெழுத்திட்ட 2019-ஆம் ஆண்டுப் பத்திரம், கையெழுத்திடாத இருவரின் பணத்தை உங்கள் இருவருக்கும் மாற்றிக் கொடுத்துவிட முடியாது.

நீங்கள் அனுப்பிய பழைய இருப்புநிலைக் குறிப்பில் தந்தையின் மூலதனக் கணக்கு 38 லட்சம் ரூபாய் என்று இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஆளுக்கு ஒன்பதரை லட்சம். பிராண்டின் மதிப்பும், புத்தகத்தில் குறைத்துக் காட்டப்பட்ட இயந்திரங்களின் மதிப்பும் இதற்கு மேல். இறந்துபோன பங்குதாரரின் கணக்கைத் தீர்க்காமல் மற்றவர்கள் அவருடைய சொத்தை வைத்துத் தொழிலைத் தொடர்ந்தால், அவருடைய வாரிசுகள், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, அந்தப் பங்கினால் விளைந்த லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ தேர்ந்தெடுத்துக் கேட்கலாம் என்கிறது கூட்டாண்மைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு. ஒன்பதரை லட்சத்துக்கு ஆண்டு வட்டி 57,000 ரூபாய். இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டதால் காலவரம்பு கடந்துவிட்டது என்று உங்கள் அண்ணன் தரப்பு வாதாடக்கூடும். அந்த வாதத்தில் ஓரளவு பலமும் இருக்கலாம். ஆனால் அண்ணன் கணக்குக் காட்டவில்லை என்று கேட்டு வரும் நீங்கள், தங்கைக்குக் கணக்குக் காட்டாததற்குக் காலவரம்பைக் காரணமாகச் சொல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. அதே 37-ஆவது பிரிவுதான் நாளை நீங்கள் வெளியே வந்தபின் உங்கள் பணத்தைக் கொடுக்காமல் அண்ணன் தொழிலை நடத்தினால் உங்களையும் காக்கப் போகிறது. தங்கையிடம் மனம் திறந்து பேசுங்கள். அவர் விரும்பி விட்டுக்கொடுத்தால் முறையான விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். விரும்பாவிட்டால் அவருடைய பங்கைச் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

பிராண்டு யாருடையது?

வணிகச் சின்னம் 2011-இல் அண்ணன் பெயரில் தனிப்பட்ட முறையில் பதிவாகி, 2021-இல் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. பதிவு என்பது உரிமைக்கு முதல்நிலைச் சான்று; மறுக்கவே முடியாத முடிவு அல்ல. வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் அந்த விண்ணப்பத்தை யாரும் பார்க்கலாம். அதில் “எந்த ஆண்டிலிருந்து பயன்பாட்டில் உள்ளது” என்ற இடத்தைப் பாருங்கள். 1987 என்று இருந்தால், அந்த ஆண்டில் உங்கள் அண்ணன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர். அந்தப் பெயரில் கிரைண்டர் விற்றவர் உங்கள் தந்தை என்பதை அண்ணனின் விண்ணப்பமே சொல்லிவிடும். பதிவுக் கட்டணமும் புதுப்பிப்புக் கட்டணமும் நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்து போயிருந்தால் அந்த ஸ்டேட்மென்டை எடுத்து வையுங்கள். நிறுவனத்தின் பணத்தில் வாங்கிய சொத்து, மாறான எண்ணம் இருந்தது என்று காட்டப்படாதவரை, நிறுவனத்தின் சொத்தே. நற்பெயர் மதிப்பும் அதில் அடங்கும். இவற்றை வைத்துப் பதிவேட்டைத் திருத்தக் கோரி, பதிவாளரிடமோ உயர் நீதிமன்றத்திலோ மனுச் செய்ய முடியும்.

“கோவை கிரைண்டருக்குத்தான் புவிசார் குறியீடு இருக்கிறதே, பிராண்டுக்குத் தனியாக என்ன மதிப்பு?” என்று அண்ணன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். புவிசார் குறியீடு ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்ற ஊர்ப்பெயருக்கு உரியது. உங்கள் தந்தை வைத்த பெயரைப் பார்த்து மதுரையிலும் திருச்சியிலும் டீலர்கள் ஆர்டர் கொடுக்கிறார்களே, அந்த மதிப்பு வேறு.

அண்ணன் மகனின் கம்பெனியில் இயக்குநர்கள் யார் என்பதை கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். பங்குகள் யாரிடம் உள்ளன என்பதை, சிறு கட்டணம் செலுத்தி, அங்கே தாக்கலான ஆவணங்களில் பார்க்கலாம். அண்ணன் அதில் இருந்தால், நிறுவனத்துடன் போட்டியிடும் தொழிலில் கிடைத்த லாபத்துக்கு அவர் கணக்குச் சொல்ல வேண்டியவர். மகன் மட்டுமே இருந்தால் நிரூபிப்பது கடினம். உங்கள் ஷெட்டில் செய்த சரக்கு அடக்க விலைக்குக் குறைவாக அந்தக் கம்பெனிக்குப் போயிருக்கிறதா என்பதை விற்பனை பில்களில்தான் தேட வேண்டும்.

போலீஸ் புகாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பங்குதாரர் ஒருவர் நிறுவனப் பணத்தை வசூலித்து வைத்துக்கொண்டதாலேயே அது குற்றவியல் நம்பிக்கை மோசடி ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1965-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. போலி ஆவணம், கள்ளக் கையெழுத்து போன்றவை இருந்தால் அது வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இப்போது புகார் கொடுத்தால் அது ‘சிவில் விவகாரம்’ என்று முடித்துவைக்கப்படும் வாய்ப்பே அதிகம். பேச்சுவார்த்தைக்கான கதவும் அத்துடன் அடைபடும்.

உங்கள் முன் உள்ள வழிகள்

முதல் வழி, அண்ணன் தொழிலை எடுத்துக்கொண்டு உங்களுக்குப் பணம் தருவது. அண்ணனால் புதிய கடன் வாங்கிப் பழைய கடனை அடைக்க முடிந்தால் இதுவே சுத்தமானது. முடியாத நிலையில், தவணையில் தருகிறேன் என்ற வாக்குறுதியை மட்டும் நம்பிக் கையெழுத்திட வேண்டாம்.

இரண்டாவது, தொழிலைப் பிரித்துக்கொள்வது. எனக்கு இதுவே உங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. வீட்டு உபயோக டேபிள் டாப் தயாரிப்பையும் பிராண்டையும் அண்ணன் எடுத்துக்கொள்ளட்டும். டில்டிங் கிரைண்டர் பிரிவையும், அதற்கான லேத், வெல்டிங் இயந்திரங்களையும், ஹோட்டல் வாடிக்கையாளர்களையும் நீங்கள் எடுத்துக்கொண்டு, பிராண்டின் மதிப்பில் உங்களுக்குரியதைக் கடனில் கழித்துக்கொள்ளலாம். ஹோட்டல்காரர்கள் உங்களைத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சரக்கும் இயந்திரமும் வங்கிக்கு ஈடாக இருப்பதால், வங்கியின் சம்மதம் இல்லாமல் ஒரு லேத்தைக்கூட நகர்த்தாதீர்கள். தொழிலாளர்களின் பி.எஃப்., பணிக்கொடைப் பாக்கியையும் முதலிலேயே கணக்கிட்டுக் கடனாகக் காட்டச் சொல்லுங்கள்; பிரிவினைகளில் மறந்துபோகும் முதல் கணக்கு அதுதான். சொத்துப் பிரிப்பதால் வரும் வருமான வரியை வேறொரு ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மூன்றாவது, உள்ளேயே இருந்துகொண்டு நிறுவனத்தை பிரைவேட் லிமிடெட்டாக மாற்றுவது. மாற்றினால் பழைய கடன் நம்மைத் தொடாது என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த ஜாமீன் அப்படியே தொடரும். வரையறுக்கப்பட்ட பொறுப்பு இனி வரும் கடன்களுக்குத்தான், அதுவும் நீங்கள் மீண்டும் ஜாமீன் கொடுக்காவிட்டால்தான். 40 சதவீதப் பங்குள்ளவராகச் சிறப்புத் தீர்மானங்களைத் தடுக்கலாம். அடக்குமுறை, தவறான நிர்வாகம் என்று தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். ஆனால் அண்ணனுடன் தினமும் ஒரே அலுவலகத்தில் உட்கார வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தபின் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காவது, நீதிமன்றம். பதிவு செய்யப்படாத நிறுவனத்தால் டீலர்களின் பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. ஒப்பந்த உரிமையைக் கேட்டுப் பங்குதாரர்கள் ஒருவர்மீது ஒருவர் வழக்குப் போடவும் முடியாது. நிறுவனத்தைக் கலைக்கவும், கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்கவும், அதன் சொத்தை மீட்கவும் சட்டம் வழி விட்டிருக்கிறது. கலைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் கணக்கு வழக்கைத் தொடுத்தாக வேண்டும். இடைப்பட்ட காலத்தில் ரிசீவர் (சொத்தைக் கவனிக்க நீதிமன்றம் வைக்கும் பொறுப்பாளர்) நியமிக்கப்பட்டால், ஓடுகிற தொழிலின் மதிப்பு நாளுக்கு நாள் கரையும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

கலைப்பு நோட்டீஸை இப்போது அனுப்ப வேண்டாம். அதற்கு முன், கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடவும் நகல் எடுக்கவும் பங்குதாரருக்கு உள்ள உரிமையைச் சுட்டிக்காட்டி, 2019 ஏப்ரல் முதல் இன்றுவரையிலான டேலி டேட்டா, வங்கி ஸ்டேட்மென்ட், ஸ்டாக் ஸ்டேட்மென்ட், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் ஆகியவற்றைக் கேட்டு அண்ணனுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். மரியாதையான மொழியில் இருக்கட்டும். நாளை அதை நீதிபதியும் படிப்பார். வங்கிக் கணக்கின் விவரங்களை ஜாமீன்தாரர் என்ற முறையிலும் கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ்.டி. நோட்டீஸுக்குப் பதில் சொல்லக் கெடு இருக்கும்; கோபத்தில் அதைத் தவறவிடாதீர்கள். தாயாருக்கும் தங்கைக்கும் உங்கள் வழக்கறிஞர் அல்லாத வேறொரு வழக்கறிஞர் ஆலோசனை சொல்லட்டும். அவர்களுடைய நலனும் உங்களுடைய நலனும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல.

30 நாளில் அண்ணனிடமிருந்து கணக்கு வரவில்லையென்றால், கூட்டாண்மைத் தகராறு வணிகத் தகராறு என்ற வகையில் வருவதால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனு தாக்கல் செய்யுங்கள். அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வணிக வழக்குகளுக்கு இந்தப் படி கட்டாயம் என்பதால் எப்படியும் நீங்கள் அங்கே போயாக வேண்டும். மூன்று மாதம், இரு தரப்பும் சம்மதித்தால் மேலும் இரண்டு மாதம் என்று கெடு உண்டு. அந்த நாட்கள் காலவரம்புக் கணக்கில் சேராது. அங்கே எட்டப்படும் உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்புக்கு உள்ள வலிமை உண்டு. தங்கையையும் தாயாரையும் அந்த மேசைக்கு அழைத்துச் செல்லுங்கள். வங்கி மேலாளரையும் ஒரு அமர்வுக்கு வரச் சொல்லிக் கேளுங்கள்.